நீர்மேல் தத்திய குண்டு: பொறியியல் அறிஞர் பார்ன்ஸ் வாலிஸ்

குளக்கரையில் நின்று ஓட்டாஞ்சில்லை நீர்மேல் சாய்வாக எறிந்து, அது தத்தித் தத்திச் செல்வதைக் கண்டு களிக்காத சிறுவர் நம் ஊர்களில் இரார். நீரில் விழுந்த ஓடு மூழ்க வேண்டும் என்பது இயற்கை. ஆயினும் விரைவும் சாய்வும் உரிய அளவில் அமைந்துவிட்டால், மூழ்க வேண்டிய பொருள் நீரின் முதுகில் கால்வைத்து நடக்கத் தொடங்கிவிடுகிறது. நூற்பாக்கள் அமையும் முறையைக் கூறவந்த நன்னூலார், இடைவிட்டுத் தாவிச் செல்லும் அமைப்பிற்குத் தவளைப் பாய்த்து எனப் பெயர் குறித்தார். இலக்கண வகுப்பில் அதனை விளக்கும்போதெல்லாம் இவ்வோட்டாஞ்சில் விளையாட்டையே யான் மாணவர்க்கு எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம்.

அதே விளையாட்டைத் தம் ஐம்பத்து நான்காம் வயதில், வீட்டுத் தோட்டத்தில், ஒரு தண்ணீர்த் தொட்டியின் அருகே நின்று விளையாடியவர் ஒருவர் உண்டு. உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942ஆம் ஆண்டு அது. விளையாட்டின் முடிவில் இரண்டு பேரணைகள் உடைந்தன. ஓராயிரத்துக்கும் மேற்பட்டோர் வெள்ளத்தில் மாண்டனர். பார்ன்ஸ் வாலிஸ் என்னும் அவ்வாங்கிலப் பொறியாளரின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

தமிழ்த்துறை மலரில் ஓர் அயல்நாட்டுப் பொறியாளரின் வாழ்க்கை எதற்கு என வினவுவோர் உளராகலாம். பயன் தராத கல்வியைவிட்டு இறைவனிடம் காவல் தேடும் துஆவை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்துள்ளார்கள். கல்வியே வேண்டும் என்று கேட்பவர் பலர். எத்தகைய கல்வி என்று சேர்த்துக் கேட்பவர் சிலரே. ஒருவர் கற்ற கல்வி யாருக்குப் பயன்பட்டது, யாரைத் துன்புறுத்தியது, அத்துன்பத்திற்குக் கற்றவர் என்ன ஈடு செய்தார் என்னும் மூன்று வினாக்களை வாலிசின் வாழ்வின்மீது எழுப்பிப் பார்ப்பது, கல்லூரியில் பயில்வோர்க்கும் பயிற்றுவோர்க்கும் பயன் தரும் என்பது என் துணிபு.

இளமையும் கல்வியும்

பார்ன்ஸ் வாலிஸ் 1887ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் இங்கிலாந்தின் டெர்பிஷயர் மாவட்டத்தைச் சேர்ந்த ரிப்ளி என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் மருத்துவர். வாலிஸ் சிறுவராக இருக்கையிலேயே இளம்பிள்ளைவாத நோய் தந்தையாரின் கால்களைப் பற்றியது. நோயாளிகளைத் தேடிச் சென்று மருத்துவம் பார்த்தவர் தாமே நோயாளியானார். குடும்பம் இலண்டனின் தென்பகுதிக்குக் குடிபெயர்ந்தது. வெளியில் மதிப்பும் உள்ளே நெருக்கடியுமாக நகர்ந்த வாழ்க்கை அது. அத்தகைய குடும்பங்கள் நம்மிடையேயும் உள. அவர்தம் துயரம் பெரும்பாலும் அண்டை வீட்டாருக்கும் தெரிவதில்லை.

அந்நிலையில் வாலிசுக்குக் கைகொடுத்தது கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் என்னும் பள்ளி. பெயரைக் கண்டு மருத்துவமனை எனக் கருதிவிடலாகாது. ஏழைச் சிறுவர்க்கு உணவும் உறையுளும் கல்வியும் தருவதற்கென 1552ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அறநிலையம் அது. பிறர் கொடையால் நடைபெற்ற அப்பள்ளியில் வாலிஸ் பயின்றார். அந்தக் கடன் அவர் நெஞ்சில் இறுதிவரை நின்றது என்பதைப் பின்னர்க் காண்போம்.

பதினேழாம் வயதில் பள்ளியைவிட்டு இயந்திரத் தொழிற்சாலை ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்தார். பின்னர் வைட் தீவிலுள்ள கௌஸ் நகரின் கப்பல் கட்டும் தளத்திற்கு மாறினார். கப்பலின் வயிறும் முதுகெலும்பும் எவ்வாறு அமைகின்றன என்பதை அவர் ஏட்டில் கற்கவில்லை. ஆணியும் சம்மட்டியுமாய்க் கையில் கற்றார். பல்கலைக்கழகப் பட்டம் அவருக்கு மிகத் தாமதமாகவே வாய்த்தது. 1922ஆம் ஆண்டில், முப்பத்து நான்காம் வயதில், தனிப்பயிற்சி மாணவராகத் தேர்வெழுதி இலண்டன் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பட்டத்தைப் பெற்றார்.

அதே ஆண்டில் அவர் வேலையின்றி இருந்தார். பிழைப்புக்காகச் சுவிட்சர்லாந்தில் ஒரு பள்ளியில் கணித ஆசிரியராகப் பணிபுரிந்தார். அக்காலத்தில்தான் மாலி பிளாக்சம் என்னும் இளம்பெண்ணுக்கு மடல்வழியே கணிதம் கற்பித்தார். அப்பெண்ணின் தந்தையார் இருவர்க்கும் இடையிலான மடற்போக்குவரத்தைக் கட்டுப்படுத்தியிருந்தமையால், நுண்கணிதப் பாடமே அவர்கள் பேசுதற்குரிய மொழியாயிற்று. 1925ஆம் ஆண்டில் இருவரும் மணந்தனர். அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்த இல்லறம் அது.

வானில் மிதந்த கப்பல்

வாலிஸ் 1913ஆம் ஆண்டிலேயே விக்கர்ஸ் நிறுவனத்தில் வான்கப்பல் வடிவமைக்கும் பணியில் சேர்ந்திருந்தார். காற்றினும் இலேசான வாயுவை நிரப்பிப் பறக்கவிடும் பேருருவங்கள் அவை. 1920களில் பிரிட்டன் தன் பேரரசின் தொலைநாடுகளை வான்வழியே இணைக்க எண்ணி இரு வான்கப்பல்களைக் கட்ட முற்பட்டது. ஆர் 100 என்பதனை விக்கர்ஸ் சார்ந்த தனியார் நிறுவனமும், ஆர் 101 என்பதனை அரசும் கட்டின. ஆர் 100இன் தலைமை வடிவமைப்பாளர் வாலிசே. அக்கப்பல் 1930ஆம் ஆண்டின் கோடையில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து கனடா சென்று பாதுகாப்பாகத் திரும்பிற்று.

அரசு கட்டிய ஆர் 101 அன்றைய இந்தியாவின் கராச்சி நகரை நோக்கிப் புறப்பட்டது. 1930ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் பிரான்சு நாட்டில் வீழ்ந்து எரிந்தது. அதிற் சென்ற 54 பேரில் 48 பேர் இறந்தனர். அத்துடன் பிரிட்டன் வான்கப்பல் முயற்சியையே கைவிட்டது. குற்றமற்ற ஆர் 100உம் உடைத்துப் பழைய உலோகமாக விற்கப்பட்டது. பல்லாண்டு உழைப்பு எடைக்குப் போனதைக் கண்ட வாலிஸ் மனம் ஒடிந்தாரேனும் கை ஓயவில்லை. வான்கப்பலில் கற்ற கலையை விமானத்திற்குக் கொண்டு சென்றார்.

மூங்கிற்கூடை பின்னுவோர் இரு திசையிலும் பிளாச்சுகளைக் குறுக்கிட்டுப் பின்னுவர். ஒரு பிளாச்சு முறிந்தாலும் சுமையை ஏனையவை பகிர்ந்துகொள்ளும், கூடை சிதையாது. விமானத்தின் உடற்கூட்டினை வாலிஸ் அவ்வாறே உலோகப் பட்டைகளால் பின்னினார். அம்முறையில் உருவான வெலிங்டன் என்னும் குண்டுவீச்சு விமானம் 1936ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பறந்தது. பத்தாண்டிற்குள் 11,461 விமானங்கள் கட்டப்பட்டன. பகைவர் துப்பாக்கியால் உடலெங்கும் ஓட்டைபட்ட நிலையிலும் வெலிங்டன்கள் தம் விமானிகளைச் சுமந்து தளம் திரும்பின. இவ்விடத்தில் வாலிசின் கல்வி உயிர்காத்த கல்வியாயிற்று.

கோலிக்குண்டு கற்பித்த பாடம்

1939இல் போர் மூண்டது. வாலிசின் மனைவியுடைய சகோதரியும் அவர் கணவரும் வான்தாக்குதல் ஒன்றில் மாண்டனர். தாயும் தந்தையும் அற்ற இரு சிறுவர்களை வாலிஸ் தம் வீட்டிற்கு அழைத்துவந்து, தம் நான்கு பிள்ளைகளோடு சேர்த்து வளர்த்தார். வானிலிருந்து விழும் குண்டு யாரை யத்தீம் ஆக்குகிறது என்பதை அவர் செய்தித்தாளில் படித்தறிய வேண்டியிருக்கவில்லை. தம் உணவு மேசையிலேயே நாள்தோறும் கண்டார். அவர் பின்னர்ச் செய்தவற்றை எடைபோடுவோர் இதனை மறத்தலாகாது.

போரை விரைந்து முடிக்க வழியென்ன எனச் சிந்தித்த வாலிஸ், பகைநாட்டின் ஆற்றல் ஊற்றுகளை அடைத்துவிட்டால் தொழிற்சாலைகள் தாமே ஓயும் எனக் கருதினார். நிலக்கரி, எண்ணெய், நீர் ஆகிய மூன்றுமே அவ்வூற்றுகள். ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதிக்கு நீர் தரும் அணைகளில் முதன்மையானது மோனே அணை. நாற்பது மீட்டர் உயரம், அடியில் முப்பத்து நான்கு மீட்டர் கனம் கொண்ட கற்கோட்டை அது. அதனைத் தகர்க்கப் பத்து டன் குண்டு வேண்டும் என 1941ஆம் ஆண்டில் வாலிஸ் விரிவான அறிக்கை ஒன்றை அளித்தார். அத்தகைய குண்டைச் சுமக்கும் விமானம் அன்று இல்லாமையால் அறிக்கை ஒதுக்கப்பட்டது.

அவர் சிறிய மாதிரி அணைகளைக் கட்டி உடைத்துப் பார்த்தார். குண்டு அணைக்குச் சற்று அப்பால் வெடித்தால் விளைவு சிறிது. அணையின் சுவரை ஒட்டியபடி, நீருக்குள் ஆழத்தில் வெடித்தாலோ, சூழ்ந்துள்ள நீரே வெடிப்பின் விசையைச் சுவர்மீது திருப்பிவிடும். சிறு குண்டே போதும். வேல்ஸ் பகுதியில் பயனற்றுக் கிடந்த நான்ட்-ஒய்-க்ரோ என்னும் சிற்றணையை 1942ஆம் ஆண்டு ஜூலையில் அவ்வாறே பிளந்து காட்டினர். ஆனால் விமானத்திலிருந்து வீழும் குண்டைச் சுவரோடு ஒட்டிச் சேர்ப்பது எப்படி? டார்பிடோவைச் செலுத்தலாம் எனின், அணைகளின் முன்னே நீருக்குள் தடுப்பு வலைகள் தொங்கின.

இவ்வினாவிற்கான விடையே தொடக்கத்திற் கூறிய விளையாட்டு. சரே மாவட்டத்தின் எஃபிங்கம் என்னும் ஊரில் தம் வீட்டுத் தோட்டத்தில், தண்ணீர்த் தொட்டியொன்றின்மீது பிள்ளைகளின் கோலிக்குண்டுகளைக் கவண்கொண்டு எய்து பார்த்தார். அவை நீரில் பட்டுத் துள்ளி, எதிரே கட்டிய கயிற்றைத் தாண்டின. பீரங்கிக் குண்டை நீர்மேல் தத்தவிட்டு எட்டத்திலுள்ள கப்பலைத் தாக்கும் வழக்கம் பாய்மரக் காலத்துக் கடற்படையினர்க்கு உண்டு என்பதும் அவர் அறிந்ததே. நீர்மேல் தத்தும் குண்டு வலைகளைத் தாவிக் கடக்கும். சுவரில் மோதி நின்று மூழ்கும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. குண்டை எறியுமுன் பின்னோக்கிச் சுழலவிட வேண்டும் என்பது முடிவாயிற்று. பின்சுழற்சியால் குண்டு நீரிற் புதையாமல் எளிதில் துள்ளும். சுவரில் மோதிய பின்னரும் சுழற்சி ஓயாமையால், குண்டு சுவரைவிட்டு விலகாமல் அதனைத் தழுவியவாறே கீழிறங்கும். ஏறத்தாழ ஒன்பது மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தமே வெடிவிசையைத் தூண்டும். டெடிங்டன் நகரிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில், கப்பல் மாதிரிகளை மிதக்கவிட்டு ஆராயும் நீண்ட நீர்த்தொட்டியில் இக்கணக்குகள் சரிபார்க்கப்பட்டன.

இக்கருத்திலிருந்து இரு குண்டுகள் பிறந்தன. அணைகளுக்கெனப் பெரிய உருளைக் குண்டு ஒன்று. அதற்கு அப்கீப் எனக் குறிப்பெயர் இட்டனர். கப்பல்களுக்கெனச் சிறிய உருண்டைக் குண்டு மற்றொன்று. அதற்கு ஹைபால் என்பது பெயர்.

அணைகள் உடைந்த இரவு

அதிகாரிகளுள் பலர் இத்திட்டத்தை நகைத்தனர். குண்டுவீச்சுப் படையின் தலைவர் ஹாரிஸ் கடுமையாக எதிர்த்தார். ஆயினும் 1943ஆம் ஆண்டு பிப்ரவரி இறுதியில் ஒப்புதல் கிடைத்தது. அணைகளில் நீர் நிரம்பி நிற்பது மே மாதத்தில். எஞ்சியிருந்தவை ஏறத்தாழ பதினொரு வாரங்களே. 617ஆம் படைப்பிரிவு புதிதாகத் திரட்டப்பட்டது. அதன் தலைவர் கை கிப்சனுக்கு வயது 24.

கென்ட் கடற்கரையில் நடந்த சோதனைகளில் குண்டின் மேலுறை நீரில் மோதிச் சிதறியது. உறையை நீக்கிய வாலிஸ், விமானங்கள் இன்னும் தாழப் பறக்க இயலுமா எனக் கிப்சனிடம் கேட்டார். முன்னர்க் குறித்த 150 அடி 60 அடியாயிற்று. நாலடுக்கு மாடியின் உயரத்தில், இரவில், மணிக்கு 370 கிலோமீட்டர் வேகத்தில், எதிரியின் துப்பாக்கிகளுக்கு எதிரே பறக்க வேண்டும். உயரம் தவறாதிருக்க விமானத்தின் அடியில் இரு விளக்குகளைப் பொருத்தினர்; அவற்றின் ஒளிவட்டங்கள் நீர்மேல் ஒன்றையொன்று தொடும் உயரமே 60 அடி. தாளில் எழுதிய ஓர் எண்ணை மாற்றுவது எளிது. அவ்வெண்ணுக்குள் பறக்க வேண்டியவர்கள் மனிதர்கள் என்பதை வாலிஸ் நன்கு அறிவார்.

மே 16ஆம் நாள் இரவு 19 லங்காஸ்டர் விமானங்கள் 133 வீரர்களுடன் புறப்பட்டன. ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஏறத்தாழ 4,200 கிலோ எடையுள்ள குண்டு, நிமிடத்திற்கு 500 சுற்று சுழலும் பொறியில் தொங்கியது. வாலிஸ் தலைமையகத்தில் செய்திக்காகக் காத்திருந்தார். மோனே அணைமீது முதல் நான்கு குண்டுகள் வீசப்பட்டும் அணை நின்றது. ஐந்தாம் குண்டு வெடித்தபின் சுவர் பிளந்து நீர் பாய்ந்தது. அடுத்து எடர் அணை உடைந்தது. மண்ணால் அமைந்த சோர்ப்பே அணை தாங்கிக்கொண்டது.

வெற்றிச் செய்தியால் தலைமையகம் மகிழ்ந்தது. விடிந்ததும் கணக்கு வந்தது. எட்டு விமானங்கள் திரும்பவில்லை. 53 வீரர் இறந்தனர், மூவர் சிறைப்பட்டனர். விமானதளத்தில் அவ்விளைஞர்களோடு பழகியிருந்த வாலிஸ் நிலைகுலைந்தார். மாண்டோர் எண்ணிக்கை அவருக்கு ஆறாத புண்ணாயிற்று.

வெள்ளம் சென்ற வழியிலும் ஒரு கணக்கு உண்டு. ஏறத்தாழ 1,600 பேர் மாண்டனர் என இன்று கணக்கிடப்படுகிறது. மோனே பள்ளத்தாக்கிலுள்ள நேஹைம் நகரின் அருகே அயல்நாட்டுத் தொழிலாளர் முகாம் ஒன்று இருந்தது. உக்ரைன் முதலிய நாடுகளிலிருந்து ஜெர்மானியர் வலிந்து பிடித்துவந்த பெண்கள் பலர் அங்கே அடைபட்டிருந்தனர். தம்மைச் சிறைப்பிடித்த அரசை வீழ்த்தவந்த வெள்ளம் அவர்களையே முதலிற் கொண்டுபோயிற்று. ரூர் பகுதியின் தொழில் சில காலம் தடுமாறியதும், அணையைச் செப்பனிட ஆயிரக்கணக்கான ஆட்கள் திருப்பப்பட்டதும் உண்மை. ஆயினும் அவ்வாண்டு முடியுமுன்னரே மோனே அணை மீண்டும் எழுந்துவிட்டது.

கப்பலுக்கெனப் பிறந்த குண்டு

ஹைபாலின் வரலாறு வேறுவகையானது. அக்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படையை அச்சுறுத்திய ஜெர்மானியப் போர்க்கப்பல் டிர்பிட்ஸ். 250 மீட்டர் நீளமுள்ள அவ்விரும்பு மலை, நார்வே நாட்டின் மலையிடைக் கடற்கால்களில் ஒளிந்துகிடந்தது. அது வெளியே வந்தால் சரக்குக் கப்பல்கள் அழியும் என்னும் அச்சத்தாலேயே பிரிட்டனின் பெரும்போர்க்கப்பல்கள் பல அதற்குக் காவலாக வடகடலில் முடங்கியிருந்தன. அதனைச் சுற்றிலும் டார்பிடோத் தடுப்பு வலைகள்; மேலே செங்குத்தான மலைகள். சாதாரண ஆயுதம் எதுவும் எளிதில் அணுக இயலாத மறைவிடம்.

ஹைபால் அதற்கெனவே வடிவமைக்கப்பட்டது. இருபுறமும் தட்டையாக்கிய உருண்டை. எடை ஏறத்தாழ 580 கிலோ. விரைவில் சிறந்த மொஸ்கிட்டோ விமானம் ஒன்று இரண்டு ஹைபால்களைச் சுமக்கும். தாழப் பறந்து எறிந்தால், சுழன்றபடி நீர்மேல் தத்தி, வலைகளைத் தாவி, கப்பலின் பக்கத்தில் மோதி, அதன் அடிவயிற்றை நோக்கி ஊர்ந்திறங்கி வெடிக்கும். பக்கச் சுவருக்குக் கனத்த கவசம் இட்டவர்கள் அடிப்பகுதிக்கு அத்துணைக் கவசம் இடுவதில்லை. கப்பல்தளத்தில் கையால் தொழில் கற்ற வாலிசுக்கு இது தெரிந்த செய்தியே.

1943ஆம் ஆண்டு ஏப்ரலில் 618ஆம் படைப்பிரிவு இதற்கென அமைக்கப்பட்டது. ஸ்காட்லாந்தின் லாக் ஸ்ட்ரைவன் என்னும் கடற்காலில் பழைய பிரெஞ்சுப் போர்க்கப்பல் கூர்பேயை இலக்காக நிறுத்திப் பயிற்சி செய்தனர். அணைத் தாக்குதலும் கப்பல் தாக்குதலும் ஒரே காலத்தில் நிகழ வேண்டும் என்பதே முதல் எண்ணம். ஒன்று முந்தினால் மற்றதன் மறைபொருள் வெளிப்பட்டுவிடுமே என்னும் கவலை. ஆனால் குண்டின் உறையும் விடுவிக்கும் பொறியும் இன்னும் பழுதுபட்டன. அணையின் நீர்மட்டம் காத்திராது. ஆகவே அணைத் தாக்குதல் தனியே முந்திக்கொண்டது.

கவலைப்பட்டவாறே நடந்தது. வழியில் வீழ்ந்த லங்காஸ்டர் ஒன்றிலிருந்த குண்டு வெடியாமல் ஜெர்மானியர் கையில் சிக்கியது. அவர்கள் அதனை அளந்து வரைந்து, தாமும் கப்பலைத் தாக்கும் தத்துகுண்டு ஒன்றைச் செய்ய முயன்றனர். அம்முயற்சி நிறைவேறவில்லை. எனினும் அறிவை எந்த நாடும் நெடுங்காலம் தன் பெட்டியில் பூட்டி வைக்க இயலாது என்பதற்கு இது சான்று.

618ஆம் பிரிவு காத்திருந்தது. டிர்பிட்சைத் தாக்கும் வாய்ப்பு நழுவியபின், ஜப்பானியக் கப்பல்களைத் தாக்குவதற்கென 1944ஆம் ஆண்டின் இறுதியில் ஆஸ்திரேலியாவிற்குக் கப்பலேற்றப்பட்டது. அங்கும் ஆணை வரவில்லை. ஒரு பகைக்கப்பலைக்கூடத் தீண்டாமலே, போர் முடியும் தறுவாயில் பிரிவு கலைக்கப்பட்டது. ஸ்காட்லாந்துக் கடலடியில் கிடந்த பயிற்சிக் குண்டுகளுள் இரண்டினை 2017ஆம் ஆண்டில் மேலே கொண்டுவந்து காட்சியகங்களுக்கு அளித்தனர். போர்க்களத்தில் ஓர் உயிரையும் கொல்லாத ஆயுதம் என்னும் பெருமையுடன் அவை கண்காட்சிப் பொருளாயின.

பருந்தின் வீழ்வு

டிர்பிட்ஸ் மூழ்கியது வாலிசின் வேறொரு குண்டினால். தவளைப் பாய்த்து என்னும் சொல்லை நன்னூலில் கற்ற நாம், உயரத்திலிருந்து நேரே இலக்கின்மீது இறங்கும் பருந்தின் வீழ்வையும் அங்கேயே கற்றோம். டால்பாய் எனப்பட்ட குண்டு அத்தகையது. 6.4 மீட்டர் நீளம். 5,400 கிலோ எடை. பழைய பத்து டன் கனவின் தம்பி எனலாம். நான்கு கிலோமீட்டருக்கும் மேலான உயரத்திலிருந்து விடப்பட்டால், வாற்பகுதியின் சிறகுகள் சற்றே திருகியிருப்பதால் பம்பரம்போற் சுழன்று, வழிபிறழாமல் இறங்கி, மண்ணுக்குள் ஆழப் புதைந்தபின் வெடிக்கும். மேலே உள்ள கட்டடம் நிலைகுலைந்து சரியும்.

1944ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் ரஷ்யத் தளத்திலிருந்து சென்ற விமானங்கள் டிர்பிட்சின் முன்பகுதியைச் சிதைத்தன. நவம்பர் 12ஆம் நாள் டிராம்ஸோ நகரருகே, ஸ்காட்லாந்திலிருந்து பறந்துசென்ற ஏறத்தாழ முப்பது லங்காஸ்டர்கள் டால்பாய் குண்டுகளை வீசின. இரண்டேனும் நேரே பட்டன. சில நிமிடங்களில் கப்பல் கவிழ்ந்தது. அதற்குள் சிக்கி மாண்டவர் ஆயிரத்தை ஒட்டியவர். தாக்கச் சென்ற விமானிகள் உயிருடன் மீண்டனர். பத்து டன் எடையுள்ள கிராண்ட்ஸ்லாம் குண்டும் 1945ஆம் ஆண்டு மார்ச்சில் பயன்பாட்டிற்கு வந்தது. முன்னர் நகைத்தவர்கள் இப்போது வாலிசைத் தேடி வந்தனர்.

கணக்கும் கடனும்

போர் முடிந்த 1945ஆம் ஆண்டில் வாலிஸ் ராயல் சங்கத்தின் உறுப்பினரானார். சர் பட்டம் 1968ஆம் ஆண்டிலேயே கிடைத்தது. புதுமை காண்போர்க்கு ஊதியம் வழங்கும் அரச ஆணையம் 1951ஆம் ஆண்டில் அவருக்கு 10,000 பவுண்டு அளித்தது. அன்று அது பெருந்தொகை. ஆறு பிள்ளைகளை வளர்த்த இல்லம் அது. தமக்கென வைத்துக்கொண்டிருந்தால் எவரும் குறை கூறியிரார்.

வாலிஸ் அப்பணத்தைத் தாம் பயின்ற பள்ளிக்குக் கொடுத்தார். வான்படைப் பணியில் உயிரிழந்தோர், ஊனமுற்றோர் ஆகியோரின் பிள்ளைகள் அப்பள்ளியில் பயிலுவதற்கென அறக்கட்டளை ஒன்று அதனால் உருவாயிற்று. 1957ஆம் ஆண்டு முதல் 1970ஆம் ஆண்டு வரை அப்பள்ளியின் பொருளாளராகவும் தொண்டாற்றினார். தம்மை வளர்த்த அறத்திற்கும், தம் குண்டைச் சுமந்து சென்று மீளாத இளைஞர்க்கும் பட்ட இரு கடன்களையும் ஒரே கொடையால் நினைவுகூர்ந்த செயல் இது.

அவர் செய்த மற்றொரு மாற்றம் வெளியே அதிகம் பேசப்படாதது. புது விமானத்தைச் சோதிக்க மனிதரை ஏற்றி அனுப்புவதை அவர் இயன்றவரை தவிர்த்தார். சிறகுகளை முன்னும் பின்னும் அசைத்து விரைவை மாற்றும் விமானங்களைப் போருக்குப் பின் ஆராய்ந்தபோது, ஆளில்லா மாதிரிகளைத் தரையிலிருந்தே வானொலி அலையால் இயக்கிச் சோதித்தார். அத்துறையின் முன்னோடிகளுள் ஒருவராக அவரை ஆக்கியது அந்த 53 பேரின் நினைவே. ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் நகரில் 1961ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பெரிய வானொலித் தொலைநோக்கியின் வடிவமைப்பிலும் அவர்தம் அறிவுரை பயன்பட்டது. அணை உடைத்த மூளை விண்மீன்களின் ஒலி கேட்கவும் உதவிற்று.

ஆய்விலிருந்து 1971ஆம் ஆண்டில் ஓய்வு பெற்ற வாலிஸ், 1979ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் தம் 92ஆம் வயதில் மறைந்தார். கோலிக்குண்டு எறிந்து விளையாடிய எஃபிங்கம் ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

அரிமா நோக்கு

சென்ற வழியைச் சிங்கம் திரும்பிப் பார்ப்பதுபோல இவ்வாழ்வை நாமும் ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம். வாலிஸ் தம் அறிவின் விளைவைத் தமதன்று எனத் தட்டிக் கழிக்கவில்லை. ஆணையிட்டவர் வேறு, ஏந்திச் சென்றவர் வேறு என ஒதுங்கவுமில்லை. மாண்டவர்களின் கணக்கைத் தம் பெயரில் எழுதிக்கொண்டு, வாழ்நாள் முழுதும் சிறுகச் சிறுகத் தீர்க்க முயன்றார். கல்வியை இறைவன் தந்த அமானிதமாகக் கருதும் நாம் போற்ற வேண்டிய பண்பு இது.

அதே நேரத்தில், அக்கணக்கேட்டில் நிரப்பப்படாத பக்கம் ஒன்றும் உண்டு. அவர் அறக்கட்டளை தம் நாட்டு வான்படையினரின் பிள்ளைகளுக்கானது. நேஹைம் முகாமில் மூழ்கிய பெண்களின் பிள்ளைகள் எந்தப் பள்ளியில் பயின்றனர், யார் அவர்களுக்குக் கட்டணம் செலுத்தினர் என்று கேட்பாரில்லை. போரில் ஒரு தனிமனிதர் தம் பக்கத்துத் துயரைத் தீர்க்க முயல்வதே அரிது. மறுபக்கத்தையும் சேர்த்து எண்ணும் பொறுப்பு உலகச் சமுதாயத்தினுடையது. அதனை உலகம் தாமதமாகவேனும் உணர்ந்தது. 1977ஆம் ஆண்டில் ஜெனீவா உடன்படிக்கைகளோடு சேர்க்கப்பட்ட நெறிமுறை, மக்கள் பெருமளவில் மடியக்கூடிய வகையில் அணைகளைத் தாக்குவதைச் சில வரையறைகளுடன் தடைசெய்தது. அது வரையப்பட்டபோது வாலிஸ் உயிருடன் இருந்தார்.

நம் கல்லூரிகளுள் பலவும் கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடலைப் போன்று, பெயர் தெரியாத கொடையாளர் பலரின் பொருளால் எழுந்தவையே. இங்கே அறிவியலும் வணிகமும் இலக்கியமும் பயின்று செல்லும் மாணவ மாணவியர் நாளை எத்துறையில் எந்நாட்டில் அமர்வர் என்பதை நாம் அறியோம். அவர்கள் எழுதும் ஓர் எண்ணின்கீழ், ஒரு கையொப்பத்தின்கீழ், முகம் தெரியாத மனிதர் பலர் வாழக்கூடும். அம்முகங்களை இரு கரையிலும் எண்ணிப் பார்க்கும் கல்வியை அவர்களுக்கும் நமக்கும் வல்ல இறைவன் அருள்வானாக. ஆமீன்.